புருவ நடுவில் இரண்டு கோடு

எனக்குக் கோபம் வராது என்று சொல்ல வரவில்லை. வரும், நன்றாகவே வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் என் இரண்டு புருவங்களுக்கும் நடுவில் செங்குத்தாக நின்ற அந்த இரண்டு கோடுகளுக்கும் என் கோபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அதைச் சொன்னால் யார் கேட்டார்கள்? குர்ஆன் ஓதப் போன காலத்திலேயே கூட ஓதிய பிள்ளைகள், கோடு இரண்டும் 11 போல நின்றதால், என்னைப் "பதினொண்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திரும்பி முறைப்பேன். முறைத்தால் கோடு இன்னும் ஆழமாகத் தெரியும். அவர்களுக்கு அது போதும், ஒரு கிழமைக்கு வைத்துச் சிரிப்பார்கள்.

இப்போது அதற்கு ஊசி இருக்கிறதாம். கொழும்பில் இருக்கும் என் இளைய மகள் போன பெருநாளைக்கு வந்தபோது கண்ணாடி முன்னால் நின்று தன் நெற்றியை இழுத்து இழுத்துக் காட்டினாள். அந்த இடத்தில் கொஞ்சம் மருந்தை ஏற்றினால் உள்ளே இருக்கும் தசை மரத்துவிடும், பிறகு சில மாதத்துக்குச் சுருங்காது என்றாள். சில மாதம் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். திரும்பவும் குத்த வேண்டியதுதானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இதே கோட்டை அழிக்க நடந்த பாட்டை அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொல்லாத பகுதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மருதமுனையில் இருந்தோம். வீட்டின் பின்பக்கம் இரண்டு தறிகள். ஒன்றில் வாப்பா, மற்றதில் நான். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் உடுக்கும் சாரம் நெய்வதுதான் என் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நூல் அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். நான் முகத்தைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, மூக்கு நூலில் முட்டும் அளவுக்குக் குனிவேன். கிட்டே போனால் எல்லாம் துலக்கமாக இருக்கும். ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் கரைந்துபோய்க் கிடக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். வாசலில் வருவது யார் என்பதை நடையை வைத்தும் இருமலை வைத்தும் கண்டுபிடிப்பேன், அதில் நான் கெட்டிக்காரி.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது கல்முனைக்குடியிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வரமாட்டார். அவருடைய உம்மாவும் ராத்தாமாரும், அதாவது அக்காமாரும், வருவார்கள். பெண் முக்காட்டோடு வந்து சலாம் சொல்லிப் பாயில் உட்கார வேண்டும். கண்ணைத் தாழ்த்தியபடி இருக்க வேண்டும், சலாத்துக்கு மேல் ஒரு சொல் கதைக்கக் கூடாது. வந்தவர்கள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார்கள். அப்படி நிமிர்த்தியபோது எதிரே இருந்தவரின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வழக்கம்போலச் சுருக்கிப் பார்த்தேன். அவர்கள் போய் மறுநாளே ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள்.

"பாக்கக்குள்ளயே முறைக்கா. நாளைக்கு எங்கட பொடியன எப்பிடி வெச்சிரிப்பா?"

அது எனக்குப் பெரிதாகச் சுடவில்லை. அந்த மாப்பிள்ளை யார் எவர் என்றே எனக்குத் தெரியாது. அடுத்ததுதான் சுட்டது.

சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாத்தியார் வாப்பாவிடம் சாரம் வாங்க வந்திருந்தார். வாப்பாவுக்கு அந்தக் கிழமை நூல் பங்கீடு பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது, இங்கிலீசில். வாப்பா அதைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாத்தியார் வாசித்துத் தமிழில் சொன்னார். வாப்பாவுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னார். வாப்பா மூன்றாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறையும் அந்த மனிதர் அதே குரலில், ஒரு சலிப்பும் இல்லாமல், முதல் தடவை சொல்வது போலவே சொன்னார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைச் சட்டை, அதுவும் நீரில் நனைந்தது போல. முகம் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எண்பது தாண்டியவளுக்கு இனி யாரிடம் வெட்கம்? அந்தக் குரல் எங்கள் வீட்டில் தினமும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எங்கள் வழக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். வாப்பாவுக்கும் அவரைப் பிடித்திருந்ததால் ஆள் விட்டுக் கேட்டார். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அவருடைய உம்மா பார்க்க வருவதாகப் பதில் வந்தது. மூன்று கிழமை இருந்தது. அதற்குள் என் நெற்றியில் இருந்த கோடு போக வேண்டும். போகாவிட்டால் அந்தக் குரலும் வராது. என் நிலைமை அதுதான்.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, அடுத்த வளவில் இருந்தார். எந்த விசயத்திலும் பின்வாங்காத மனுசி.

"விடு ராத்தா. மூணு கிழமை எதுக்கு? ரெண்டு கிழமையில இதை நான் அழிச்சித் தாறன்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

முதலில் சந்தனத்தைப் பன்னீரில் அரைத்துப் பூசினார். அது காய்ந்ததும் கோடு இருந்த இடத்திலேயே சந்தனமும் இரண்டாக வெடித்தது. பிறகு முட்டை வெள்ளை. நெற்றி இறுகியது உண்மை, ஆனால் இலையான் மொய்த்ததில் தறியில் உட்கார முடியவில்லை. வாதுமை எண்ணெய் வைத்துக் கோட்டுக்குக் குறுக்கே காலையிலும் மாலையிலும் நீவினார், தோல் சிவந்தது. கல்முனைக் கடையில் முகத்துக்குப் பூசும் ஸ்நோ ஒரு போத்தல் வாங்கி அப்பிப் பார்த்தார். முகம் வெளுத்து, கோடு மட்டும் கறுப்பாக, முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. சாச்சி எட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சம் பரவாயில்ல" என்றார். அந்த மனுசிக்குத் தோல்வி என்றால் என்னவென்றே தெரியாது.

உம்மாதான் என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். சாச்சியும் கூட வந்தார். அங்கே இருந்த அப்போத்திக்கரி ஐயா திருக்கோவில் பக்கத்துத் தமிழர். டாக்குத்தர் இல்லாத இடத்தில் அவர்தான் எங்களுக்கு டாக்குத்தர். நெற்றியை விரலால் அமர்த்திப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"பிள்ளை, அந்தக் கலண்டரில என்ன மாதம் எண்டு வாசி பாப்பம்."

"எந்தக் கலண்டர்?" என்று கேட்டேன்.

அவர் உம்மாவின் பக்கம் திரும்பினார். "தோலில ஒரு பிழையும் இல்ல. இவவுக்குத் தூரப் பார்வை குறைவு. கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தான் கோடு விழுந்திருக்கு. மட்டக்களப்புக்குக் கூட்டிப் போய் கண்ணாடி போட்டுக் குடுங்க. சுருக்குறத விட்டா கோடும் மெல்ல மெல்ல மங்கும்."

"பூச ஒண்டும் இல்லியா ஐயா?"

"பூசுறதெல்லாம் வாசத்துக்குத்தான் அம்மா."

திரும்பி வரும் வழியில் சாச்சிதான் கதைத்தார். "குமருக்குக் கண்ணாடி போட்டா ஊருக்கு அறிவிச்ச மாதிரி. கோவக்காரி எண்டாலும் முடிச்சிக் கொண்டு போவாங்க. கண்ணு தெரியா எண்டா ஆரு வருவாங்க?"

சாச்சியை மட்டும் குறை சொல்லி என்ன? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கண்ணாடி போட்ட, கலியாணமாகாத குமரை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. கோட்டைப் போக்கவும் வேண்டும், கோடு எதனால் வந்தது என்பது வெளியே தெரியவும் கூடாது. மூன்று பேரும் வாய் திறக்காமலே அதற்கு ஒத்துக்கொண்டோம். வாப்பாவிடம் கூடச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் சாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். கஞ்சி போட்ட நூல் விறைத்து நிற்கும், சுருளாது. "நூலுக்குச் சரியெண்டா தோலுக்கு ஏன் சரிவராது?" என்று கேட்டார். நெசவுகாரிக்கு இதை மறுத்துச் சொல்ல வாய் வருமா? நெற்றித் தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் கஞ்சியைத் தடவி, மேலே ஒரு துண்டுத் துணியையும் ஒட்டினார். தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வியர்வையில் கஞ்சி கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. நெய்துகொண்டிருந்த சாரத்திலும் சொட்டியது. வாப்பா தன் தறியை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு திரும்பவும் நெய்யத் தொடங்கினார்.

கஞ்சியின் தம்பி போலத்தான் பிளாஸ்டர் வந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், கல்முனையில் வாங்கியது. சாச்சி விரல் அகலத்துக்கு வெட்டி, தோலை இழுத்துப் பிடித்து, புருவ நடுவில் நன்றாக அமர்த்தி ஒட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. சுருக்க நினைத்தாலும் நெற்றி அசையவில்லை. சுருக்காமல் பார்த்தபோதுதான் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பதும் விளங்கியது. அறுந்த நூலைக் காணாமல் நெய்துகொண்டே போனேன். வாப்பா பின்னால் வந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

ஆனால் தொழுகை இருந்ததே. தொழுகைக்கு முன் ஒளுச் செய்ய வேண்டும், முகத்தில் தண்ணீர் படாத இடம் இருந்தால் ஒளு சேராது. பிளாஸ்டரோடு எப்படி ஒளுச் செய்வது? பிய்த்தோம். தொழுது முடிந்ததும் புதுத் துண்டு ஒட்டினோம். அடுத்த வக்துக்குத் திரும்பவும் பிய்த்தோம். ஒரு நாளைக்கு ஐந்து வக்து. பிய்க்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குரலை நினைப்பேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ கண்ணாடியைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் ஆறியிருந்தது. கூடவே இரண்டு புருவங்களின் உள்முனையும் காணாமல் போயிருந்தது. மூன்று பெண்கள், நாள் முழுக்க என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கோட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. மயிர் நாலு நாளில் முளைக்குமா? சாச்சி கண்ணுக்கு இடும் சுறுமாவை எடுத்து மொட்டையான இடத்தில் புருவம் வரைந்து பழகினார். நாலாம் நாள் ஓரளவு புருவம் போல வந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு மகள்மாரும். உம்மா வட்டிலப்பம் வைத்திருந்தார். நான் சலாம் சொல்லிப் பாயில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வியர்த்தது. மாப்பிள்ளையின் உம்மா கிட்டே வந்து என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். பெரிய உடம்பு, மெதுவான கை. நெற்றியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். கையை எடுத்தபோது விரலில் கறுப்பு ஒட்டியிருந்தது. அதைத் தன் மகள்மாருக்குக் காட்டினார்.

"புருவம் பறிச்சிரிக்கா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் மகள்மார் இரண்டு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். புருவம் பறிப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அழகுக்காகப் புருவம் பறித்த குமர் என்று ஒரு பேர் விழுந்தால் கோபக்காரி என்ற பேர் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

சாச்சி முந்திக்கொண்டார். "இல்ல ராத்தா, போன மாசம் காய்ச்சல் வந்து மயிரெல்லாம்..."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது நிசமான கோபம். என் நெற்றியை வைத்து மூன்று கிழமையாகச் செய்த கூத்துக்கு மேல் ஒரு பொய்யும் வேண்டுமா?

"காய்ச்சல் இல்ல மாமி" என்றேன். உம்மா என் முதுகைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. "பறிக்கவும் இல்ல. பிளாஸ்டர் ஒட்டினன். ஒளுச் செய்யப் பிய்ச்சன். மயிரும் அதோட போயிட்டு."

"எதுக்குப் பிளாஸ்டர்?"

"நெத்தியில கோடு இரிக்கி. நீங்க கோவக்காரி எண்டு நினைப்பீங்க எண்டு ஒட்டினம்."

"கோவம் இல்லாட்டி கோடு எப்பிடி வந்த?"

"எனக்குத் தூரத்துல கண்ணு தெரியா. சுருக்கிச் சுருக்கிப் பாக்குறதால வந்த."

இளைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையின் உம்மா சிரிக்கவில்லை, ஆனால் என் நாடியை விடவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார். அவர்கள் போனதும் சாச்சி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து மாப்பிள்ளையின் உம்மா தனியாக வந்தார். ஆள் விடாமல் தானே வந்திருந்தார், உம்மா அவசரமாகப் பாயை விரித்தார். நான் உள் அறையில் கதவோரம் நின்றேன்.

"புள்ளைய எனக்குப் புடிச்சிரிக்கி" என்றார். "பொய் சொல்லத் தெரியாத புள்ள. எங்களுக்குச் சம்மதம். ஒண்டே ஒண்டுதான். கண்ணாடி கிண்ணாடி எண்டு போட வேணாம். என்ட மகன் வாத்தி. வாத்தியார்ர பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியா எண்டு சந்தியில கதை வரக்கூடாது. அவக்குக் கிட்டத்துல தெரியுதுதானே? ஊட்டுக்குள்ள இரிக்கிற புள்ளைக்குத் தூரத்துல பாக்க என்ன இரிக்கி?"

நான் உள்ளே நின்று தலையாட்டினேன். ஓம், போடமாட்டேன். ஒரு முழத்துக்குள் எனக்கு எல்லாம் தெரியும், அதற்குள் அவர் வந்து இருந்தால் போதும். உம்மா ஓம் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். உம்மாவுக்கு என்னைவிட ஆசை, எனக்குத் தெரியும்.

உம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் கதைத்தார். "நாளைக்கு அவக்கு ஒரு புள்ள பொறக்கும் ராத்தா. அது நடந்து போய்க் கிணத்தடியில நிக்கும். இவ அடுப்படியில நிண்டு எதைக் காணுவா?"

"நீங்கெல்லாம் இரிக்கிறீங்களே. ஊட்டுல ஆக்கள் இல்லியா?"

"இல்ல ராத்தா. புள்ளைக்குக் கண்ணாடி போடத்தான் வேணும். நான்தான் இவ்வளவு நாளும் பயந்து ஒளிச்சன். உங்களுக்குச் சரிவராட்டி விடுவம்."

அந்த மனுசி கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சலாம் சொல்லிப் போனார். வாத்தியாரிடம் இந்தக் கதை எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருசம் அவர் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்தார்.

அந்த மனுசி வந்து போன அன்று நான் உம்மாவிடம் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "உங்களுக்கு என்ட கலியாணத்தைவிட கண்ணாடி பெரிசு" என்றேன். அதோடு நான் உம்மாவோடு கதைப்பதை நிறுத்தினேன். சோற்றை வைத்தால் எடுத்துக்கொண்டு தறிக்குப் போவேன். தலைக்கு எண்ணெய் வைக்க வந்தால் எழும்பிப் போவேன். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். பிடிவாதத்தில் சாச்சியைக் காட்டிலும் ஒரு படி மேல் நான்.

அந்த நாட்களில்தான் உம்மா வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனார். இரண்டு தடவை போனோம், முதலில் கண்ணைச் சோதிக்க, பிறகு கண்ணாடியை எடுக்க. இரண்டு தடவையும் பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியபோது உம்மா, "தண்ணி நல்லா நிறைஞ்சிரிக்கி, பாரு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணாடிக் கடை மிகச் சிறியது, இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. உம்மா வெளியே போய் வீதியின் மறுகரையில் ஒரு மரத்தின் கீழ் நின்றார். கடைக்காரர் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியை என் காதில் மாட்டி, மூக்கில் சரிபார்த்து, "வெளிய பாருங்க தங்கச்சி" என்றார்.

பார்த்தேன். மரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக இருந்தன. மரம் என்றால் எனக்கு அதுவரை ஒரு பச்சைக் குவியல்தான். சைக்கிளில் போனவரின் சட்டையில் பொத்தான் தெரிந்தது. என்னை அறியாமல் நெற்றி தளர்ந்தது, தளர்ந்ததை நானே உணர்ந்தேன்.

பிறகு மரத்தின் கீழ் பார்த்தேன். உம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கடைப் பக்கமே பார்த்தபடி நின்றார். பத்தொன்பது வருசமாக அவ்வளவு தூரத்தில் நான் அவரைக் கண்டதில்லை. காண்பேன் என்று அவருக்கும் தோன்றவில்லை, அதனால் முகத்தில் எதையும் மறைக்காமல் நின்றார். அழுது முடித்த முகம். இரண்டு புருவங்களுக்கும் நடுவில் இரண்டு கோடுகள், என்னுடையதைவிட ஆழமாக, நேராக இறங்கியிருந்தன.

உம்மாவுக்குப் பார்வையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.